பேசாத போனுக்கு அபராதம்

மே 6

அக்காவுக்கு,

இதனுடன் இருக்கும் நோட்டீஸ் உனக்கு வந்தது. வேன் இன்னும் என் பெயரில் இருப்பதால் என் வீட்டுக்கு வந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது போன் பேசினாயாம். அபராதத்தைக் கட்டலாம், இல்லையென்றால் நீதிமன்றத்தில் போய் மறுக்கலாம் என்று அடியில் போட்டிருக்கிறது. கட்டிவிடு. வண்டியை உன் பெயருக்கு மாற்றும் வேலையையும் சீக்கிரம் பார்.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அதில் இருந்த தேதியைப் பார்த்தேன். மார்ச் நாலு, காலை எட்டே கால். அந்த எட்டே காலுக்கு நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில், அப்பாவின் கட்டிலை ஒட்டி, உனக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். நாலு தடவை போட்டேன், நீ எடுக்கவில்லை. எட்டே முக்காலுக்கு நீ திருப்பிக் கூப்பிட்டபோது அப்பா போய்விட்டார்.

இரண்டு மாதமாக எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள், போனைத் தொட்டிருக்க மாட்டாள் என்று. மனசு ஆறாவிட்டாலும் பிடித்துக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. இப்போது அரசாங்கமே முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறது, நீ பேசிக்கொண்டுதான் இருந்தாய் என்று. அப்படி யாருடன் பேசினாய்? அப்பாவைவிட அவசரமான அந்த ஆள் யார்?

பதில் போட வேண்டாம். கட்டிய ரசீதை மட்டும் அனுப்பு.

தம்பி


மே 11

தம்பிக்கு,

பதில் போட வேண்டாம் என்று நீ எழுதியதால்தான் போடுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று ஒரு வரி எழுதினால் உன் பேனா மை தீர்ந்துவிடுமா? போகட்டும். எனக்கும் இப்போது உன் நலத்தை அறிகிற ஆவல் இல்லை.

நான் போன் பேசவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், மேலே படிக்க உனக்குப் பொறுமை இருக்காது.

நோட்டீஸில் என்ன எழுதியிருக்கிறார்கள் பார்த்தாயா? ‘ஓட்டுநர் ஒரு கையைக் காதில் வைத்துக் கைபேசியில் பேசியபடி சந்திப்பைக் கடந்தார்.’ பார்த்தவர் ஒரு காவலர். சாலைக்கு அந்தப் பக்கம், மருந்துக்கடை நிழலில் நின்றவர். என்னை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் பை எங்கே தொங்குகிறது, போன் எங்கே கிடக்கிறது என்று அங்கேயே காட்டியிருப்பேன். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு போய், இரண்டு மாதம் ஆற அமர இருந்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். என் போன் எப்போதும் சீட்டுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டிய பைக்குள் இருக்கும், ஜிப் போட்டு. பிள்ளைகளை ஏற்றிவிட்டால் நான் செவிடு, என்னைக் கூப்பிடாதீர்கள் என்று ஒவ்வொரு வருஷமும் பெற்றோர்களிடம் நானே சொல்லுகிறவள்.

பள்ளியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியிடம் நோட்டீஸை நானே கொண்டுபோய்க் காட்டினேன். யாரோ சொல்லித் தெரிய வேண்டாம் என்று. அவர் மூக்கைச் சொறிந்துகொண்டு சொன்னார்: “நீங்க பண்ணிருக்க மாட்டீங்க மேடம். ஆனா பேப்பர்ல இருக்கே. போன் கேஸ் உறுதியானா வண்டி ஓட்டக் கூடாதுங்கறது ரூல். ஜூன் முடியற வரைக்கும் பார்க்கறோம்.” ஆக, நீ சொல்லுகிற மாதிரி நான் கட்டினால், பேசினேன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். அடுத்த நாளே சாவியை வைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். எந்தப் பள்ளியும் அதற்குப் பிறகு என்னைச் சேர்க்காது. நான் கட்ட மாட்டேன். நீயும் நல்லது செய்கிறேன் பேர்வழி என்று கட்டித் தொலைத்துவிடாதே.

யாருடன் பேசினாய் என்று கேட்டாயே. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கண் பரிசோதனை செய்து கண்ணாடி மாட்டிவிடுகிறாய், உனக்கு ஒன்று மாட்டிக்கொள்ளத் தெரியவில்லை. நான் வேறு யாருடனாவது பேசிக்கொண்டிருந்தால் நீ போட்ட போனில் என்ன சத்தம் வந்திருக்கும்? உனக்கு என்ன சத்தம் வந்தது? யோசித்துவிட்டு எழுது.

அக்கா


மே 17

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். போதுமா?

யோசித்தேன். மணி முழுதாக அடித்தது. நாலு தடவையும் அடித்து அடித்து ஓய்ந்தது. ‘நீங்கள் அழைப்பவர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்’ என்று ஒரு பெண் குரல் சொல்லுமே, அது ஒரு தடவைகூட வரவில்லை. ஆகவே யாருடன் பேசினாய் என்ற கேள்வியை வாபஸ் வாங்குகிறேன். மன்னிப்பு கின்னிப்பு எதிர்பார்க்காதே. ஏனென்றால் இப்போது விஷயம் இன்னும் மோசமாகிறது.

நீ பேசவில்லை என்றால், போன் உன் முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் அடித்திருக்கிறது. அது உனக்குக் கேட்டதா இல்லையா? துக்க வீட்டில் எல்லோர் முன்னாலும் இதைத்தான் கேட்டேன். “வாயை மூடுடா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். இன்று வரைக்கும் பதில் இல்லை.

இன்னொன்று. கை காதில் எதற்கு இருந்தது? காவலர் போனைத்தான் தப்பாகப் பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். கையையும் கனவு கண்டாரா? கடிதம் முழுக்க அவரைக் கிழித்திருக்கிறாயே தவிர, என் கை காதில் இல்லை என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. நான் கவனித்தேன்.

கடைக்குக் கண்ணாடி மாற்ற வரும் ஒரு வக்கீலிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “இதுக்கெல்லாமா கோர்ட்டுக்குப் போவாங்க? போலீஸ்காரர் பார்த்தேன்னு சொன்னா பார்த்ததுதான். கட்டிட்டு வேலையைப் பாக்கச் சொல்லுங்க.” நானும் அதையே சொல்லுகிறேன். வேன் போனால் போகட்டும். இங்கே வந்துவிடு. கடையில் பிரேம்களைத் துடைத்து அடுக்க ஒரு ஆள் தேவைப்படுகிறது.

தம்பி


மே 29

தம்பிக்கு,

பிரேம் துடைக்க வர மாட்டேன். அந்த வக்கீலுக்கு அடுத்த தடவை கண்ணாடியை மாற்றி மாட்டிவிடு.

நேற்று நீதிமன்றம் போனேன். வாழ்க்கையில் முதல் தடவை. பெரிய கூண்டு, கறுப்பு அங்கி என்றெல்லாம் நினைத்துக்கொண்டு இரவெல்லாம் புரண்டிருக்கிறேன். போய்ப் பார்த்தால் ரேஷன் வாங்குகிற மாதிரி ஒரு வரிசை. ஒருவர் பின்னால் ஒருவராக மேசை முன்னால் நிற்கிறார்கள். “ஒத்துக்கறீங்களா?” “ஒத்துக்கறேன்.” அடுத்த ஜன்னலில் பணம், சீட்டு, வீடு. என் முன்னால் நின்ற கூரியர்காரர் கேள்வியை முடிக்கவே விடவில்லை, அதற்குள் தலையாட்டிவிட்டார். அவர் தப்பு செய்தாரா என்று யாருக்கும் தெரியாது, அவருக்கே கவலை இல்லை.

என் முறை வந்தது. நீதிபதி ஒரு பெண்மணி, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“ஒத்துக்கறீங்களா?”

“இல்லைங்க.”

அப்போதுதான் நிமிர்ந்தார். “இல்லைன்னா?”

“நான் பேசல. பேசாததை எப்படிங்க ஒத்துக்கறது?”

பின்னால் ஒருவர் உச்சுக் கொட்டினார், என்னால் வரிசை நின்றுவிட்டதாம். எழுத்தர் என் பக்கம் சாய்ந்து, “அம்மா, கட்டிட்டா அஞ்சு நிமிஷ வேலை. இல்லேன்னா அலையணும்” என்றார். “அலையறேன்” என்றேன். வீராப்பாகத்தான் சொன்னேன், ஆனால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

பேசவில்லை என்பதற்கு ஆதாரம் கேட்டார். “பேசினேன்னு சொல்றவங்கதானே காட்டணும்?” என்றேன். வெளியே தள்ளப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை, போன் பில்லைக் கேட்டார். கொடுத்தேன். அந்த நேரத்தில் நான் பேசியதாக அதில் ஒன்றும் இல்லை. காவல்துறை வக்கீல் உடனே எழுந்து, இணையம் வழியாகப் பேசினால் பில்லில் வராது என்றார். அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள் பார்.

பிறகு நீதிபதி கேட்டார்: “அந்த நேரத்துல யாராவது உங்களைக் கூப்பிட்டு, நீங்க எடுக்காம, மணி முழுசா அடிச்சுதுன்னு சொல்ல ஆள் இருக்கா?”

“இருக்கான். என் தம்பி. ஊரெல்லாம் அதைத்தான் சொல்லிக்கிட்டுத் திரியறான்” என்றேன். எழுத்தர் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார்.

என் போனில் அந்த நாலு அழைப்பும் இல்லை. அந்த வாரமே அழித்துவிட்டேன். போனைத் திறக்கும்போதெல்லாம் உன் பெயர் சிவப்பில் வந்து நின்றது. என்னால் பார்க்க முடியவில்லை, அழித்தேன். அது எனக்கு ஒரு நாள் சாட்சியாகத் தேவைப்படும் என்று யார் கண்டது? நீ அழித்திருக்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் உன் பென்சிலை உடைத்தவன் பெயரையே கல்யாணம் வரைக்கும் ஞாபகம் வைத்திருந்தவன் நீ.

ஜூன் 19 வாய்தா. நீ வர வேண்டும். கேட்க எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

அக்கா


ஜூன் 4

அக்கா,

எனக்கு இதை ஒரு தடவை சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அக்கா போனை எடுக்கவில்லை என்று நான் வீட்டில் சொன்னபோது வாயை மூடு என்றாய். சித்தப்பாவிடம் சொன்னபோது ஊரைக் கூட்டுகிறான் என்றாய். இப்போது அதே வார்த்தையை, அதே வாயால், ஒரு நாள் பயணம் செய்து வந்து, நீதிபதி முன்னால் உரக்கச் சொல்ல வேண்டும். அப்படித்தானே? எவ்வளவு நியாயமான ஆள் நீ.

அழிக்கவில்லை. போனில் அப்படியே இருக்கிறது. வீட்டுக்காரி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள், அதை ஏன் எடுத்து எடுத்துப் பார்க்கிறீர்கள், அழியுங்கள் என்று. நான் கேட்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். சாட்சி சொல்லும்போது என்னென்ன கேட்பார்கள்? போன் போட்டதை மட்டும் கேட்பார்களா, இல்லை அங்கே நடந்ததையெல்லாம் கேட்பார்களா? யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன பேசினார்கள் என்பதெல்லாம் இந்த வழக்குக்குத் தேவையில்லாத விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுத்தரிடம் கேட்டு எழுது.

கடைக்கு அன்றைக்கு விடுமுறை விட்டாயிற்று. வருகிறேன். ஆனால் வருவதற்கு முன்னால் கையைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டும். உனக்காகப் பேச வருகிறவனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லப் போகிறாய்?

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும், ஆனால் எதைக் கேட்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது என்கிறார் எழுத்தர். உனக்கு எதற்கு இவ்வளவு பயம்? குற்றவாளி நானா நீயா?

கையைப் பற்றி உன்னிடம் சொல்ல மாட்டேன். நீதிபதி கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும், அப்போது கேட்டுக்கொள்.

போனுக்கு முழு சார்ஜ் போட்டுக் கொண்டு வா. கட்டம் போட்ட அந்தச் சட்டை வேண்டாம், சர்க்கஸுக்குக் கிளம்பினவன் மாதிரி இருக்கும். காலையில் சாப்பிட்டுவிட்டு உள்ளே வா. அங்கே ஒன்றும் கிடைக்காது.

அக்கா


ஜூன் 22

அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கேட்கவில்லை, நானே சொல்லுகிறேன்.

சாட்சி வெளியேதான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நீ உள்ளே என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. நடைபாதையில் ஒரு கால் ஆடுகிற பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட்டார்கள், உள்ளே போனபோது நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அந்தக் காவலர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

காவலரைப் பற்றி ஒன்று. அவர் காகிதத்தைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு படித்தார். அது கிட்டத்தில் படிக்க முடியாதவர்களின் பழக்கம், தூரத்தில் இருப்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் கையை அவர் சரியாகத்தான் பார்த்திருப்பார். போனைத்தான் அவராகச் சேர்த்துக்கொண்டார். அப்படியென்றால் கை நிஜமாகவே காதில் இருந்திருக்கிறது. இன்னும் எனக்குத் தெரியவில்லை எதற்கென்று.

வழக்கு தள்ளுபடி என்றதும் நீ என் பக்கம் திரும்பாமல் நேராக வெளியே போனாய். பள்ளி விடும் நேரம், அதனால் ஓடுகிறார்கள் என்று எழுத்தர் சமாதானம் சொன்னார். இருக்கட்டும். ஒரு நாள் முழுக்கப் பேருந்தில் வந்தவனை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்திருந்தால் பிள்ளைகள் தெருவிலா நின்றிருப்பார்கள்? வாசலில் அரை மணி நேரம் நின்றேன். தெரு முனையில் பிள்ளைகளோடு உன் மஞ்சள் வேன் திரும்புவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

நான் அங்கே சொன்னது உனக்குக் கோபம் என்று தெரியும். கேட்டார்கள், சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டார்கள், சொன்னேன். திட்ட வேண்டும் என்றால் திட்டு. இப்படிப் பேசாமல் மட்டும் இருக்காதே.

தம்பி


ஜூன் 27

தம்பி,

வண்டி ஓடுகிறது. உத்தரவின் நகலைப் பள்ளியில் கொடுத்தேன். அதிகாரி வாங்கி மேசை டிராயரில் போட்டுக்கொண்டு, “நல்லதாப் போச்சு மேடம்” என்றார். அவ்வளவுதான். ஏழு வாரம் தூங்காமல் கிடந்ததற்கு நல்லதாப் போச்சு. காவலர் வெளி வாசலில் என்னை நிறுத்தி, “பார்த்ததைத்தாம்மா எழுதினேன்” என்றார். “பார்த்ததுக்கு மேலேயும் எழுதினீங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். தப்பாகிவிட்டது என்று ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. ஒப்புக்கொள்ளச் சொல்லி எங்களைத்தான் வரிசையில் நிற்க வைக்கிறார்கள்.

கையைப் பற்றிச் சொல்லுகிறேன். நீ வெளியே பெஞ்சில் இருந்தபோது நீதிபதி அதைத்தான் முதலில் கேட்டார். காது வலி என்று சொல்வதற்குத் தயார் செய்து வைத்திருந்தேன். வாய் வரவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“பைக்குள்ள போன் அடிச்சுதுங்க. அப்பா ஆஸ்பத்திரியில இருக்கார்னு எனக்குத் தெரியும். அந்த நேரத்துல தம்பி சும்மா கூப்பிட மாட்டான்னும் தெரியும். வண்டி நிறையப் பிள்ளைங்க. பாலம் வேலை நடக்கறதால ஓரங்கட்ட இடமே இல்லை. அடிச்சு நின்னுச்சு, மறுபடி அடிச்சுது, மறுபடியும் அடிச்சுது. கேட்டுக்கிட்டே ஓட்ட என்னால முடியலங்க. இன்னும் ஒரு தடவை கேட்டா எடுத்துருவேன்னு பயமா இருந்துச்சு. ஒரு கையால காதைப் பொத்திக்கிட்டேன். சந்திப்பைத் தாண்டற வரைக்கும் பொத்திக்கிட்டேதான் ஓட்டினேன்.”

கேட்டதா இல்லையா என்று நீ மூன்று மாதமாகக் கேட்டதற்கு இதுதான் பதில். கேட்டது. நாலு தடவையும் கேட்டது. துக்க வீட்டில் அத்தனை பேர் முன்னால் இதை எப்படிச் சொல்வேன்? அப்பா கூப்பிடக் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டவள் என்று சொல்லவா? அப்பாவுக்காகக்கூட எடுக்காத கையைப் பார்த்துத்தான், போன் பேசின கை என்று எழுதினார்கள். நான் ஏன் கட்டவில்லை என்று இப்போது உனக்குப் புரியும்.

இனி உன் விஷயம்.

நீதிபதி உன்னிடம் சாதாரணமாகத்தான் கேட்டார். “முதல் தடவை எடுக்கலைன்னதும் என்ன பண்ணீங்க?” நீ என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: “அப்பாதான் போடச் சொன்னார். எடுக்கலைன்னதும், ‘வண்டியில பிள்ளைங்க இருப்பாங்க, அவ எடுக்க மாட்டா, விடுடா’ன்னார். நான் விடல. இன்னும் மூணு தடவை போட்டேன்.”

அடப்பாவி. இதை இத்தனை நாள் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிட்டாய், எப்படித் தூங்கினாய்? அப்பா என் குரலுக்காகக் காத்துக் காத்து, மகள் எடுக்கவில்லையே என்ற ஏக்கத்தோடு போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு நான் தினமும் அந்தச் சந்திப்பைக் கடக்கிறேன். அவர் கோபப்படவே இல்லை. விடு என்று சொல்லியிருக்கிறார். விடாதவன் நீ. அப்பா போகப் போகிறார் என்று உனக்குப் பயம், அந்தப் பயத்தில் போட்டாய். அதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொன்ன ஒரு வரியை மறைத்துவிட்டு, மீதியை மட்டும் ஊர் முழுக்கச் சொன்னாயே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. முன்பின் தெரியாத ஒரு நீதிபதி கேட்டதும் சொல்லிவிட்டாய். அந்த நோட்டீஸ் வராமல் இருந்திருந்தால் என்னிடம் எப்போது சொல்லியிருப்பாய்?

அதனால்தான் உன்னைப் பார்க்காமல் போனேன். திரும்பியிருந்தால் அங்கேயே உன்னை அறைந்திருப்பேன். நீதிமன்ற வாசலில் இன்னொரு வழக்கு எதற்கு என்று நடந்துவிட்டேன். பிள்ளைகளை எல்லாம் வீட்டில் இறக்கிவிட்ட பிறகு வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோபம் தீரவில்லை. சீக்கிரம் தீரும் என்றும் நினைக்காதே.

ஆனால் நீ அதைத் தரையைப் பார்த்து முணுமுணுத்தாய். அப்பா எப்படிச் சொன்னார்? அலுத்துக்கொண்டு சொன்னாரா? இல்லை, நம் இரண்டு பேரில் ஒருவரைப் பற்றி வெளியாளிடம் பேசும்போது தாடையைத் தடவிக்கொண்டு ஒரு மாதிரி பெருமையாகச் சொல்லுவாரே, அப்படிச் சொன்னாரா? கடிதத்தில் எழுதாதே. எழுத்தில் எனக்கு அது கேட்காது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வண்டி இல்லை. கூப்பிடு, எடுக்கிறேன்.

அக்கா